மழை நின்ற பிறகு எத்தனை மணி நேரம்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செய்ன் ஆற்று நீரின் தரம்

2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டி ஆண்களுக்குக் காலை 8 மணிக்குத் தொடங்க வேண்டும். வீரர்கள் எழுந்திருக்கும் நேரத்தில், போட்டி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. அன்று பாரிஸில் மழை இல்லை, கடும் வெயில். மழை பெய்தது தொடக்க விழா நடந்த ஜூலை 26 மாலையும் அடுத்த நாளும்தான். 28, 29 தேதிகளின் நீச்சல் பயிற்சிகளும் ஏற்கெனவே ரத்தாகியிருந்தன. வானம் தெளிந்து இரண்டு நாள் கழிந்தும் ஆறு தெளியவில்லை.

31ஆம் தேதி காலை 8 மணிக்குப் பெண்களும் 10.45க்கு ஆண்களும் அதே ஆற்றில் நீந்தினார்கள். அன்று இரவு மறுபடியும் இடி மழை. ஆகஸ்ட் 5 டிரையத்லான் கலப்புத் தொடர் போட்டிக்கு (ஆண்களும் பெண்களும் ஒரே அணியில்) முந்தைய பயிற்சிகள் ரத்தாயின, போட்டி நடந்தது. 10 கி.மீ. மாரத்தான் நீச்சலுக்கான ஆகஸ்ட் 6 பயிற்சி ரத்து, 7ஆம் தேதிப் பயிற்சிக்கு அனுமதி, 8ஆம் தேதி பெண்கள், 9ஆம் தேதி ஆண்கள். பாராலிம்பிக்கில் செப்டம்பர் 1, 2 என இரண்டு நாளாக இருந்த பாரா டிரையத்லானை முதலில் 1ஆம் தேதிக்கே சுருக்கினார்கள். பிறகு மழையால் எல்லாமே 2ஆம் தேதிக்குப் போனது.

பயிற்சிகள் பல போயின, ஒரு போட்டிகூட கைவிடப்படவில்லை. இதை வெற்றி என்பவர்களும் உண்டு, அதிர்ஷ்டம் என்பவர்களும் உண்டு. இரண்டுமே பாதி உண்மை. செய்னில் கேள்வி ஆறு சுத்தமா, அசுத்தமா என்பதல்ல. மழை நின்று எத்தனை மணி நேரம் ஆனது, அந்த நேரத்தை அளக்கும் சோதனைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதுதான். இந்த ஆய்வு அந்த இரண்டு கடிகாரங்களைப் பற்றியது.

ஒரே குழாயில் இரண்டு நீர்

பாரிஸ் நகருக்குள் இருப்பது கலப்புச் சாக்கடை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொறியாளர் பெல்கிராண்ட் வடிவமைத்த அமைப்பின் அடிப்படை இன்றும் அதுவே: கழிப்பறை நீர், சமையலறை நீர், கூரையிலும் தெருவிலும் விழும் மழை, எல்லாம் ஒரே சுரங்கத்தில் ஓடும். மழையில்லாத நாளில் இதில் சிக்கலே இல்லை. நீரின் பெரும்பகுதி, ஆறு நகரைத் தாண்டி ஓடும் மேற்குப் பக்கம் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மழை வலுத்தால் சுரங்கம் நிரம்பும். நீர் திரும்பி வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, கரையோரம் இருக்கும் வழிவாய்கள் திறந்து மிகுதியை ஆற்றில் விடும். இது பழுது அல்ல. அமைப்பு அப்படித்தான் வேலை செய்யும்படி கட்டப்பட்டது.

அந்த மிகுதி எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்த்துப்போகாத வீட்டுக் கழிவுநீரில் 100 மில்லிக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருக்கும். மழை கலந்து வழியும் நீரில் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் நொடிக்கு 125 கன மீட்டர் நீர் ஓடுகிறது. அதில் நொடிக்கு ஒரு கன மீட்டர் மட்டும் வழிகிறது. நன்றாகக் கலந்த பிறகு ஆற்றில் 100 மில்லிக்குச் சுமார் 4,000 இருக்கும். போட்டிக்கான வரம்பு 1,000. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கலப்பே வரம்பை நான்கு மடங்கு தாண்டவைக்கிறது. ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது.

நகருக்கு மேலே, அதாவது ஆறு நகருக்குள் நுழையும் முன், செய்னும் அதில் சேரும் துணையாறான மார்னும் வரும் புறநகர்களில் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு குழாய் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். ஆனால் வீடு கட்டியவரோ குழாய்க்காரரோ கழிப்பறைக் குழாயைத் தவறுதலாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டால், அந்த வீட்டுக் கழிவு மழை இல்லாத நாளிலும் நேராக ஆற்றுக்கே போகும். இப்படித் தவறாக இணைந்த வீடுகள் சுமார் 23,000 என்று கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சாயம் விட்டு, எந்தக் குழாயில் நிறம் வருகிறது என்று பார்த்து, உரிமையாளரை ஒப்புக்கொள்ள வைத்து, தரையைத் தோண்டி மாற்ற வேண்டும். பளபளப்பு இல்லாத, மெதுவான வேலை. ஆனால் வறண்ட நாட்களின் பாக்டீரியா எண்ணிக்கையைக் கீழே இறக்கியதில் இதன் பங்கு பெரிது.

140 கோடி யூரோ எங்கே போனது

செய்னில் நீந்தத் தடை வந்தது 1923இல். 1900 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் இதே ஆற்றில்தான் நடந்தன. மேயராக இருந்த ஜாக் சிராக், மூன்று ஆண்டுகளில் சாட்சிகள் முன்னிலையில் செய்னில் நீந்திக் காட்டுவேன் என்று 1990இல் சொன்னார், அது நடக்கவில்லை. ஒலிம்பிக் கிடைத்த பிறகுதான் பணமும் காலக்கெடுவும் சேர்ந்து வந்தன. செலவு சுமார் 140 கோடி யூரோ.

அதில் எல்லோரும் படம் பிடித்தது ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலத்தடியில் கட்டிய தொட்டி. 50 மீட்டர் குறுக்களவு, 30 மீட்டர் ஆழம், சுமார் 50,000 கன மீட்டர் கொள்ளளவு. 2024 மே மாதம் திறந்தார்கள். மழை வரும்போது சாக்கடையின் மிகுதியை இதில் தேக்கி, மழை நின்ற பின் மெல்ல மெல்லத் திருப்பி அனுப்புவதுதான் திட்டம்.

இருபது ஒலிம்பிக் நீச்சல் குளம் என்று சொல்லும்போது பெரிதாகத் தெரிகிறது. மழையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர் நீர். பாரிஸ் நகரின் பரப்பு சுமார் 10,500 ஹெக்டேர். 10 மி.மீ. மழைக்கு 10.5 லட்சம் கன மீட்டர். பாதி மண்ணிலும் பூங்காவிலும் ஊறினாலும் 5 லட்சத்துக்கு மேல் சாக்கடைக்கு வரும். தொட்டி பிடிப்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை வைத்துத் தொட்டி வீண் என்று முடிவு கட்டுவது தவறு. சுரங்கங்களே பெரும்பகுதியைச் சுமந்து போகும். தொட்டி தாங்க வேண்டியது உச்சத்தை மட்டும். சிறு மழையிலும் நடுத்தர மழையிலும் வழிவாய்கள் திறக்காமல் காக்க அதனால் முடியும். தொடக்க விழா இரவு போன்ற நீண்ட மழையை அது தாங்காது. தாங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தொட்டியின் குற்றமல்ல.

குறைவாகப் பேசப்பட்ட, ஆனால் எண்களை நன்றாகவே மாற்றிய வேலை சுத்திகரிப்பு நிலையங்களில் நடந்தது. நகருக்கு மேலே உள்ள வாலந்தோன் நிலையம் வறண்ட நாளில் 6 லட்சம் கன மீட்டர் வரை கையாளும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 கன மீட்டர். வழக்கமான சுத்திகரிப்பு கரிமப் பொருளையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்கும். பாக்டீரியாவை ஓரளவுதான் குறைக்கும்; வெளியேறும் தெளிந்த நீரிலும் 100 மில்லிக்குப் பத்தாயிரக் கணக்கில் ஈ.கோலை இருக்கலாம். 20,000 என்று எடுத்தால், 125 கன மீட்டர் ஓடும் ஆற்றில் அது மட்டுமே சுமார் 1,000ஐச் சேர்த்துவிடும். ஒரு துளி மழை இல்லாமலேயே வரம்பு முடிந்தது! அதனால் வாலந்தோனில் பெர்ஃபார்மிக் அமிலமும், மார்ன் ஆற்றில் விடும் நுவாசி-ல-கிராண்ட் நிலையத்தில் புற ஊதாக் கதிரும் வைத்தார்கள். பெர்ஃபார்மிக் அமிலத்தைச் சேமித்து வைக்க முடியாது, சீக்கிரம் சிதையும். ஃபார்மிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அங்கேயே கலந்து உடனுக்குடன் செலுத்த வேண்டும். குளோரின் போல ஆற்றில் தங்காது என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். புற ஊதாக் கதிருக்கு நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் ஏறினால் கதிர் உள்ளே போகாது.

கரையில் கட்டியிருக்கும் வீட்டுப் படகுகளையும் சாக்கடையில் இணைக்கச் சட்டம் வந்தது. அளவில் சிறியது என்றாலும், நீந்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே விழும் கழிவு அது.

இவ்வளவும் இருந்தும் ஒரே ஒரு கதவு கெடுத்துவிடும் என்பதை 2023 ஆகஸ்ட் காட்டியது. மாதத் தொடக்கத்தில் நடக்கவிருந்த திறந்த நீர் நீச்சல் உலகக் கோப்பை மழையால் ரத்தானது, அது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் 17, 18 தேதிகளில் டிரையத்லான் சோதனைப் போட்டிகள் நல்லபடி நடந்து, 19, 20 தேதிகளில் நீரின் தரம் திடீரென்று விழுந்து, நீச்சலை நீக்கி ஓட்டமும் மிதிவண்டியும் மட்டும் வைத்தார்கள். தேடியபோது சாக்கடை வலையமைப்பில் ஒரு அடைப்பான் (வால்வு) கோளாறு தெரியவந்தது. வானிலை முன்னறிவிப்பில் வராத காரணம் இது. அடைப்பான்களில் திறப்பு உணரி வைத்து, போட்டிக்கு முந்தைய வாரம் ஆள் போய் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

வரம்பும் சோதனையும்

போட்டி நடத்தும் சர்வதேச அமைப்புகள் ஆறு, ஏரி நீருக்கு வைத்திருக்கும் வரம்பு: 100 மில்லிக்கு ஈ.கோலை 1,000, இன்னொரு குடல் பாக்டீரியா வகையான என்டரோகாக்கை 400. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 குளியல் நீர் ஆணையிலும் 'நல்லது' என்ற தரத்துக்கு இதே எண்கள்தான். ஆனால் பயன்படும் விதம் வேறு. ஆணையில் அது பல பருவ மாதிரிகளின் 95 சதவீதப் புள்ளி, அதாவது நூற்றில் 95 மாதிரி அதற்குள் அடங்க வேண்டும். போட்டியில் அது இன்றைய ஒரு மாதிரியின் மேல் வைக்கும் கோடு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் ஊடகங்களில் 'ஐரோப்பியத் தரம் எட்டியது', 'தரம் தவறியது' என்ற இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் வந்தன.

இந்தியாவில் ஆற்று நீச்சல் நடத்துபவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளியல் நீர் அளவுகோலைத்தான் கையில் வைத்திருப்பார்கள். அதில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500 விரும்பத்தக்கது, 2,500 உச்சம். மலக் கோலிஃபார்ம் என்பது ஈ.கோலையை உள்ளடக்கிய பெரிய கூட்டம். ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, ஆய்வகத்திடம் ஈ.கோலையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கவனக்குறைவு வந்தால் மற்ற எல்லாம் வீண். கிருமி நீக்கிய, குறைந்தது 250 மில்லி புட்டி. ஒரு மீட்டராவது ஆழமுள்ள இடத்தில், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே, வாயை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிரப்ப வேண்டும். வெயில் படாமல் சுமார் 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் கொண்டுபோக வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்த புட்டி ஆற்றைவிடச் சுத்தமான எண்ணைக் கொடுக்கும், ஏனென்றால் சூரியக் கதிர் புட்டிக்குள்ளும் பாக்டீரியாவைக் கொல்கிறது. மாதிரி எடுக்கும் இடம் ஒன்று போதாது. கரையோர வழிவாயிலிருந்து வரும் நீர் நீண்ட தூரம் ஒரே கரையை ஒட்டியே ஓடும், நடு ஆற்றில் எடுத்தால் தெரியாது. நீந்துபவர்களோ பெரும்பாலும் கரையை ஒட்டித்தான் போவார்கள். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஆய்வகத்தில் பழைய நுண்குழித் தட்டு முறைக்குக் குறைந்தது 36 மணி நேரம் வேண்டும். வேகமானது நொதி முறை. 100 மில்லி நீரில் பொடியைக் கலந்து, சிறு குழிகள் உள்ள தட்டில் ஊற்றி மூடி, சூட்டுப்பெட்டியில் வைத்து, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணுவார்கள். ஈ.கோலைக்கு 18 மணி, என்டரோகாக்கைக்கு 24 மணி. வழக்கமாக நடக்கும் தவறு, நீரை நீர்க்காமல் அப்படியே ஊற்றுவது. 97 குழித் தட்டு 2,419க்கு மேல் எண்ணாது. 'அதற்கு மேல்' என்று மட்டும் சொல்லும். 3,000மா 30,000மா என்று தெரியாமல் அடுத்த நாளைக் கணிக்க முடியாது. மழை பெய்திருந்தால் பத்தில் ஒன்றாக நீர்த்த தட்டு ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். முடிவு 1,000 என்று வந்தால், அந்த முறையின் துல்லியத்தின்படி உண்மை எண் 700க்கும் 1,400க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கோட்டின் மேலேயே நிற்கும் எண்ணை வைத்து 'ஆம்' சொல்பவர் நாணயம் சுண்டுகிறார்.

இப்போது இரண்டாவது கடிகாரம். காலை 8 மணிப் போட்டிக்கு அதிகாலை 4 மணிக்கு முடிவெடுக்க வேண்டும் என்றால், என்டரோகாக்கைக்கான 24 மணியையும் ஆய்வகத்துக்குப் போகும் நேரத்தையும் கழித்தால், மாதிரியை முந்தைய நாள் அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு எடுத்திருக்க வேண்டும். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்றால் அந்த நீர் ஒரு நாளில் 43 கி.மீ. போய்விடும். முடிவெடுக்கும் மேசையில் இருப்பது நகரைவிட்டு எப்போதோ போய்விட்ட நீரின் எண். அதனால் எண் ஒன்றை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. மேலே உள்ள வழிவாய்கள் எப்போது மூடின, நொடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது, கலங்கல் ஏறுகிறதா இறங்குகிறதா, அடுத்த 24 மணிக்கு மழை உண்டா என்பதும் கூடவே மேசைக்கு வர வேண்டும். தொடர்ச்சியாக இரண்டு மூன்று முடிவுகள் இறங்கிக்கொண்டிருந்தால் நம்பலாம். ஒரே ஒரு தாழ்ந்த எண்ணை நம்பக் கூடாது. என்டரோகாக்கை ஈ.கோலையைவிட நீரில் நீண்ட நேரம் உயிரோடிருக்கும் என்பதும் துப்புக் கொடுக்கும்: ஈ.கோலை மட்டும் தாவினால் புதிய கழிவு எங்கோ விழுகிறது. இரண்டும் சேர்ந்து மெல்ல இறங்கினால் பழைய மழையின் வால்.

வெள்ளம் கூடினால் நல்லதா?

கோடையில் செய்ன் பாரிஸில் நொடிக்கு 100 முதல் 150 கன மீட்டர் வரை ஓடும். 2024 வசந்தம் நல்ல மழை. ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஓட்டம் வழக்கத்தைவிட மிக அதிகம். தொடக்க விழாப் படகு ஒத்திகையைக்கூட இதனால் தள்ளிவைத்தார்கள். அதிக நீர் கழிவை நீர்க்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் நீர் கலங்கும். கலங்கிய நீரில் சூரியக் கதிர் சில பத்து சென்டிமீட்டருக்குமேல் இறங்காது, பாக்டீரியா மெதுவாகச் சாகும். தொலைவில் விழுந்த கழிவு சாக நேரமில்லாமல் விரைவாக வந்து சேரும். நூறு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் ஆழம் என்று தோராயமாக எடுத்தால் 125 கன மீட்டருக்கு நீரோட்டம் நொடிக்கு 0.25 மீட்டர், 400 கன மீட்டருக்கு 0.8 மீட்டர். முதலாவதில் 12 கி.மீ. கடக்க 13 மணிக்கு மேல் ஆகும், இரண்டாவதில் நான்கே மணி.

இந்த வேகம் போட்டியையே மாற்றியது. மாரத்தான் நீச்சல் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தில் தொடங்கி, அல்மா பாலம் வரை நீரோட்டத்தோடு போய், எதிர்த்துத் திரும்பும் 1.67 கி.மீ. சுற்று, ஆறு சுற்று. போகும்போது கிடைத்தது வரும்போது கழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. அசையா நீரில் நொடிக்கு 1.5 மீட்டர் நீந்துபவருக்கு 10 கி.மீ. 1 மணி 51 நிமிடம். இரு திசையிலும் அரை மீட்டர் நீரோட்டம் இருந்தால் கீழே போக 7 நிமிடம், மேலே வர 14 நிமிடம், ஆறு சுற்றுக்கு 2 மணி 5 நிமிடம். ஆண்களில் தங்கம் வென்ற ஹங்கேரியின் கிறிஷ்டோஃப் ரஷோவ்ஸ்கி எடுத்தது 1:50:52. அந்தக் காலத்தை நடு ஆற்றில் நீந்தி எடுக்க முடியாது. எதிர்நீச்சலில் எல்லோரும் கரைச்சுவரை உரசிக்கொண்டு, கை சுவரில் படும் அளவுக்கு ஒட்டி வரிசையாக வந்தார்கள்; அங்கேதான் நீரோட்டம் தளரும். பெண்களில் நெதர்லாந்தின் ஷாரன் வான் ரவெண்டால் 2:03:34இல் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின் வெற்றி நேரங்கள் 1:48:33, 1:59:30; இருவருமே அதைவிட மெதுவு.

கரையோரம் ஒட்டுவது நீரின் தரக் கணக்கையும் மாற்றுகிறது. வழிவாய் நீர் ஓடும் அதே பட்டையில் நீந்துபவர் வாய் திறந்து மூச்செடுக்கிறார். மாதிரிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர், பாதை வரைபடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வீரர்கள் உண்மையில் எந்தக் கோட்டில் போவார்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும். இதைச் செய்யும் போட்டிகள் மிகக் குறைவு.

மாற்றுத் திட்டமும் உடலும்

நான்கு நாள் இடைவெளி என்பதே 2024இன் அனுபவம்: 27 மழை, 31 போட்டி. எனவே ஒதுக்கு நாள் ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். டிரையத்லானுக்குக் கடைசி வழி நீச்சலை நீக்குவது. மாரத்தான் நீச்சலுக்கு அந்த வழி கிடையாது. அதனால் ஜூலைத் தொடக்கத்தில் வேர்-சுர்-மார்ன் படகுப் போட்டி ஏரியை மாற்று இடமாக அறிவித்தார்கள். இது மிகத் தாமதம். நீர், பாதுகாப்புப் படகு, உணவு மேடை, நேரக் கருவி எல்லாவற்றுக்கும் இரண்டாவது இடத்தில் ஒத்திகை இல்லாத மாற்றுத் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஈ.கோலை எண் குறைந்திருந்தாலும் நோய் வராது என்று பொருளல்ல. அது மலம் கலந்ததற்கான அடையாளம் மட்டும். நோரோவைரஸ் போன்றவை ஈ.கோலையைவிட நீண்ட நேரம் நீரில் தாங்கும். 12 முதல் 48 மணியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் எந்தக் கழிவு எண்ணிலும் தெரியாது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்தே வரும், அப்போது வீரர் ஊர் திரும்பியிருப்பார், அங்குள்ள மருத்துவர் ஆற்றைப் பற்றிக் கேட்கமாட்டார். 'இந்தத் தேதியில் ஆற்றில் நீந்தினேன்' என்று எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்புவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி முன்கூட்டியே. திறந்த காயத்துக்கு நீர் புகாத ஒட்டு. கரையேறியதும் சோப்பு நீரில் கை, முகம் கழுவிய பிறகே உணவுப் பொட்டலத்தைத் தொட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் போட்டி முடிந்த களைப்பில் எல்லோரும் மறக்கிறார்கள். அதனால் கழுவும் குழாயை உணவு மேசைக்கு முன்னால், தாண்டிப் போக முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

2025 ஜூலை 5இல் பெர்சி, பிரா மாரி, கிரெனெல் என்ற மூன்று இடங்களில் பொதுமக்கள் செய்னில் இறங்கினார்கள், 1923க்குப் பிறகு முதல் முறையாக. தினமும் நீரைச் சோதித்து, பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி ஏற்றும் முறை. அடுத்த நாளே மழை வந்தது. நீந்துமிடங்களில் சிவப்புக் கொடி ஏறியது.